ஒரு பாகம், ஒரு முழம்: துடுப்பை யார் தேர்ந்தெடுக்கிறது?

(ஒலி வடிவத்தில் வந்த எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வார எபிசோடு ஒரு நேயர் கேட்ட கேள்வியில இருந்து வந்தது. சென்னையில வேலை பாக்குறாரு. வாரக் கடைசியில கோவளம் பக்கம் போய் கயாக் ஓட்டப் பழகியிருக்காரு. "இப்ப சொந்தமா ஒரு துடுப்பு வாங்கலாம்னு பாத்தா 210, 220, 230, 240னு நம்பர் போட்டிருக்கு. அலுமினியம்ங்கிறாங்க, கார்பன்ங்கிறாங்க. நீங்க வரலாறு சொல்ற ஆள்தானே, இதுக்கும் ஏதாச்சும் வரலாறு இருக்கா?"ன்னு கேட்டாரு.

இருக்குங்க. நல்லாவே இருக்கு.

நான் சென்னிமலைக்காரன். எங்க ஊர்ல மலை இருக்கு, மேல முருகன் இருக்காரு, கீழ தறி இருக்கு. ஆத்தங்கரை ஊர் இல்லை. அதனால எங்க வீடுகள்ல துடுப்புன்னா முதல்ல ஞாபகம் வர்றது களி கிண்டற துடுப்புதான். ராகிக் களி கிண்டறவங்க யாரைக் கேட்டாலும் ஒரு விஷயம் சொல்லுவாங்க: சட்டிக்குத் தகுந்த துடுப்பு வேணும். சின்னச் சட்டிக்குள்ள பெரிய துடுப்பை விட்டா திருப்ப இடம் இருக்காது. பெரிய சட்டியில சின்னத் துடுப்பைப் போட்டா கை ஆவியில வெந்துரும், களியும் கட்டி தட்டிரும். துடுப்பை மட்டும் தனியா எடுத்து வெச்சு "இது நல்ல துடுப்பு"ன்னு சொல்ல முடியாது. எந்தச் சட்டிக்கு, யார் கைக்கு, எவ்வளவு மாவுக்குன்னு கேட்டாத்தான் பதில் வரும்.

ஆத்துத் துடுப்புக்கும் இதே மூணு கேள்விதான். படகு எவ்வளவு அகலம்? உங்க உடம்பு எவ்வளவு? தண்ணி எப்படிப்பட்டது? இந்த மூணு கேள்விக்கும் உலகத்துல ஆளுக்கொரு பதில் கண்டுபிடிச்சிருக்காங்க. அதுல ரெண்டு பதிலை இன்னிக்குப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கலாம். ஒண்ணு வடதுருவத்துப் பக்கம் பொறந்த கயாக் துடுப்பு. இன்னொண்ணு நம்ம காவிரியிலயும் பவானியிலயும் போற பரிசல் துடுப்பு.

முன்பக்கம் இல்லாத படகு

பரிசல்ல ஏறியிருப்பீங்க. ஒகேனக்கல்ல ஏறாட்டியும் கொடிவேரியிலயாவது ஏறியிருப்பீங்க. வட்டமான மூங்கில் கூடை. அந்தக் காலத்துல மேல மாட்டுத்தோல் போர்த்துவாங்க, இப்ப பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். சில இடத்துல முழுக்க ஃபைபர்லயே வந்துருச்சு. பரிசல்காரர் கையில ஒரே ஒரு துடுப்பு. ஒரு கம்பு, அதோட முனையில ஒரு பலகை. பாத்தா ரொம்பச் சாதாரணமா இருக்கும். வீட்டுல கிடந்த பலகையை ஆணி அடிச்சுக் கொண்டாந்த மாதிரி.

கயாக் துடுப்பு பாத்தவங்களுக்கு உடனே ஒரு கேள்வி வரும். ரெண்டு முனையிலயும் பிளேடு இருந்தா இடது வலதுன்னு மாத்தி மாத்திப் போடலாமே, நேரா போகுமே, நம்மாளுங்க ஏன் அப்படிச் செய்யலை?

கணக்குப் போட்டுப் பாருங்க. கயாக் அகலம் சுமாரா 60 செ.மீ. நடுவுல உக்காந்தா ரெண்டு பக்கமும் தண்ணி கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு. ஒகேனக்கல் பரிசல் குறுக்களவு 2 மீட்டருக்கும் மேல. நடுவுல உக்காந்து ரெண்டு பக்கமும் போடணும்னா துடுப்பு ஒரு மாடி ஏணி நீளத்துக்கு வேணும். தூக்கவே முடியாது. அதனால பரிசல்காரர் நடுவுல உக்கார மாட்டாரு, விளிம்புக்கு வந்துருவாரு. விளிம்புக்கு வந்தா ஒரு பக்கம் பிளேடு போதும்.

சரி, எந்த விளிம்புக்கு? இங்கதான் விஷயமே இருக்கு. வட்டமான படகுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. பரிசல்காரர் எங்க உக்காருறாரோ அதுதான் முன்பக்கம். அவரு போற திசையைப் பாத்து உக்காந்துக்கிட்டு, துடுப்பை முன்னால தள்ளிப் போட்டுத் தண்ணியத் தன்னை நோக்கி இழுப்பாரு. கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது. பரிசல் அவரு பின்னாடியே வரும். மாட்டுவண்டியில மாடு முன்னால நின்னு இழுக்குற மாதிரி. அதே துடுப்பைப் பின்பக்கம் போட்டுத் தள்ளிப் பாருங்க, பரிசல் பம்பரம் ஆயிரும்.

பாயஸ் பாத்தது, ஹெரோடோட்டஸ் பாத்தது

1520 வாக்குல டொமிங்கோ பாயஸ்னு ஒரு போர்ச்சுகீசியர் விஜயநகரத்துக்கு வந்தாரு. கிருஷ்ணதேவராயர் காலம். துங்கபத்திரையக் கடக்கப் பரிசல்ல ஏத்துறாங்க. அதைப் பத்தி அவரு எழுதி வெச்சதோட சாரம் இதுதான்: கூடை மாதிரி வட்டமான படகு, உள்ள பிரம்பு, வெளிய தோல், 15, 20 பேர் போகலாம், தேவைப்பட்டா குதிரை, மாடு கூட ஏத்தலாம், ஒரு மாதிரித் துடுப்பு போட்டு ஓட்டுறாங்க, ஆனா எப்பவும் சுத்திக்கிட்டே போகுது, மத்தப் படகு மாதிரி நேரா போகத் தெரியாது. இந்த ராஜ்ஜியத்துல ஆறு இருக்கற இடத்துல எல்லாம் இந்தப் படகுதான்னும் சொல்றாரு.

எனக்கு இந்தக் குறிப்பு ரொம்பப் பிடிக்கும். பாயஸ் பொய் சொல்லலை. பரிசல் சுத்தத்தான் செய்யும். ஆனா 20 பேரை ஏத்திக்கிட்டு, ஆத்தோட இழுப்புக்குக் குறுக்கால போய், எதிர்க்கரையில இறக்க வேண்டிய இடத்துல இறக்கி விடுறாங்களே, அது எப்படி நடக்குதுன்னு அவரு கவனிக்கலை. கூர்மூக்குக் கப்பல்ல கடல் தாண்டி வந்தவரு. நேரா போறதுன்னா மூக்கு நேரா இருக்கணும்னு அவருக்குப் பழக்கம். பரிசலுக்கு மூக்கே இல்லை.

அவருக்குச் சுமார் 2,000 வருஷம் முன்னாடி இன்னொருத்தர் இதே மாதிரி வட்டப் படகைப் பாத்திருக்காரு. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். இடம் பாபிலோன், இன்னிக்கு ஈராக். ஆத்தோட மேல்பகுதியில மரக்கிளையில கூடை பின்னி, தோல் போர்த்தி, சரக்கு ஏத்திக்கிட்டு ஆத்தோட இழுப்புல கீழ வருவாங்களாம். ஒவ்வொரு படகுலயும் ஒரு கழுதை இருக்குமாம். ஊர் வந்ததும் சரக்கை வித்து, கூடையையும் வித்து, தோலை மட்டும் கழுதை மேல போட்டுக்கிட்டு நடந்தே திரும்பிருவாங்களாம். இழுப்பை எதிர்த்து மேல போக முடியாதே. நம்ம ஒகேனக்கல்ல பரிசலைத் தலையில கவுத்துக்கிட்டு கரையோரமா மேல நடந்து போறதைப் பாத்திருக்கீங்கல்ல? அதே பிரச்சினை, வேற தீர்வு.

ஹெரோடோட்டஸ் துடுப்பையும் கவனிச்சிருக்காரு. ரெண்டு பேர் நின்னுக்கிட்டு ஓட்டுறாங்க, ஒருத்தர் துடுப்பைத் தன் பக்கம் இழுக்குறாரு, இன்னொருத்தர் வெளிய தள்ளுறாருன்னு எழுதியிருக்காரு. ஒரே படகு வகை, ரெண்டு பேர் பாத்திருக்காங்க. ஒருத்தர் படகைப் பாத்தாரு, அது சுத்துதுன்னு எழுதினாரு. இன்னொருத்தர் துடுப்பைப் பாத்தாரு, அது ஏன் சுத்தாம போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டாரு.

பின்னாடி வந்தவங்கள்ல பரிசலோட அருமை தெரிஞ்சவரு ஆர்தர் வெல்லெஸ்லி. 1815ல வாட்டர்லூவுல நெப்போலியனைத் தோக்கடிச்சாரே, அதே வெலிங்டன் பிரபு. அதுக்கு முன்னாடி மைசூர்ல இருந்தாரு. 1803ல மராட்டியர் மேல படை எடுத்துப் போறப்ப, வழியில இருக்கற ஆறுகளைக் கடக்கத் தோல் போர்த்தின கூடைப் படகுகளைச் செய்யச் சொல்லி உத்தரவு போட்டாரு. பீரங்கி வெச்சிருந்த கம்பெனிப் படைக்கும் ஆத்துல வெள்ளம் வந்தா கூடைதான் துணை.

1920கள் வரைக்கும் மெட்ராஸ் மாகாண மீன்வளத் துறையில இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், நம்ம பரிசலையும், ஈராக்கோட குஃபா படகையும், பிரிட்டன்ல வேல்ஸ் பக்கத்து கோரக்கிளையும் ஒப்பிட்டு நிறைய எழுதினாரு. வேல்ஸ்ல ஒரு சுவாரசியம் இருக்கு. அங்க ஆத்துக்கு ஆறு துடுப்பு மாறும். டைவின்னு ஒரு ஆறு. அந்த ஆத்துத் துடுப்போட மேல்முனையில கொக்கி மாதிரி ஒரு வெட்டு இருக்கும். எதுக்குன்னா, மீன் பிடிச்சு முடிச்சுக் கோரக்கிளை முதுகுல சுமந்துக்கிட்டு வீட்டுக்கு நடக்கறப்ப, உள்ள இருக்கற பட்டையில மாட்டிப் பிடிச்சுக்க. தண்ணியில செய்யற வேலை மட்டும் இல்ல, கரையில செய்யற வேலையும் துடுப்போட உருவத்தை முடிவு பண்ணுது.

நம்ம பரிசல் துடுப்பும் அப்படித்தான். பாறை நிறைஞ்ச ஆறு. துடுப்பு போடணும், அதே கம்பால பாறையை உந்தித் தள்ளணும், ஆழம் குறைஞ்ச இடத்துல தரையில ஊன்றணும். லேசான, அழகான துடுப்பு அங்க ஒரு நாள் தாங்காது. அந்தத் தடித்த கம்பு அலட்சியத்துல வந்தது இல்லை.

உடம்பால அளந்த துடுப்பு

இப்ப உலகத்தோட அந்தக் கோடிக்குப் போவோம். கிரீன்லாந்து. இனுயிட் மக்கள் ஆயிரக்கணக்கான வருஷமா கயாக் கட்டுறவங்க. அது விளையாட்டுச் சாமான் இல்ல, கடல்நாய் வேட்டைக்கான வாகனம். சத்தம் வரக் கூடாது, குளிர் தண்ணியில கவுந்தா உடனே நிமிரணும், காத்துல துடுப்பு இழுத்துட்டுப் போகக் கூடாது. அங்க பெரிய மரம் வளராது. கடல் நீரோட்டத்துல ரொம்ப தூரத்துல இருந்து மிதந்து வர்ற கட்டைதான் மரம். அதுல செதுக்குன துடுப்புக்கு பிளேடு ரொம்ப ஒடுக்கம், கைப்பிடிக்குள்ள அடங்குற அகலம்தான்.

அளவு எப்படி எடுப்பாங்கன்னு கேளுங்க. ரெண்டு கையையும் விரிச்சா ஒரு விரல் நுனியில இருந்து இன்னொரு விரல் நுனி வரைக்கும் வர்ற நீளம். அதோட முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும் உள்ள நீளத்தைச் சேத்துக்கணும். இதுதான் கிரீன்லாந்துத் துடுப்புக்குப் பரவலாச் சொல்ற அளவு.

இதைக் கேட்டதும் நமக்கு ரெண்டு சொல் ஞாபகம் வரணும். கை விரிச்ச நீளத்துக்கு நம்ம கடலோரத்துல பேர் பாகம். கடல் ஆழத்தை இத்தனை பாகம்னுதான் சொல்லுவாங்க. முழங்கை நீளத்துக்குப் பேர் முழம். பூக்கடையில தினமும் கேக்குறது. ஆக, கிரீன்லாந்துத் துடுப்பு நம்ம கணக்குல ஒரு பாகம், ஒரு முழம்!

உங்க உயரம் 170 செ.மீ.ன்னு வைங்க. கை விரிச்சா பெரும்பாலும் உயரத்துக்குப் பக்கத்துலதான் வரும், 170. முழம் ஒரு 45. கூட்டினா 215 செ.மீ. இந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கங்க.

1865ல ஜான் மெக்ரெகர்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், 'ராப் ராய்'னு பேர் வெச்ச சின்னப் படகுல ஐரோப்பாவோட ஆறுகள்ல தனியாப் பயணம் போனாரு. அடுத்த வருஷம் புத்தகமா போட்டாரு. ஐரோப்பாவுல படகோட்டுறது பொழுதுபோக்கா பரவுனதுக்கு அந்தப் புத்தகம் பெரிய காரணம். அவரு வெச்சிருந்தது ரெண்டு பக்கமும் பிளேடு வெச்ச துடுப்பு, நீளம் 7 அடி. செ.மீ.ல மாத்தினா 213. இன்னிக்குக் கடைக்குப் போனா, ஒடுங்கின கடல் கயாக்குக்கு நடுத்தர உயரம் உள்ளவருக்கு 210 இல்லாட்டி 220 எடுங்கன்னு சொல்லுவாங்க. வேட்டைக்காரர் உடம்பால அளந்ததும், மெக்ரெகர் அடிக்கணக்குல செஞ்சதும், கடைக்காரர் அட்டவணையும் ஒரே இடத்துல வந்து நிக்குது. மனுஷக் கை பெருசா மாறலையே.

ஆனா ஒண்ணு. கயாக்னாலே ரெண்டு முனைத் துடுப்புதான்னு நினைச்சுறாதீங்க. அலாஸ்கா பக்கம் பெரிங் கடலோரத்து மக்கள் கயாக்கையே ஒரு முனைத் துடுப்பால ஓட்டியிருக்காங்க. அவங்க படகு வேற, அவங்க கடல் வேற.

அப்ப எதை வாங்கறது?

நேயர் கேள்விக்கு வர்றேன். முதல் கேள்வி, படகு அகலம். 60 செ.மீ.க்குள்ளன்னா 210, 220 போதும். 70க்கும் மேல அகலமான, குடும்பத்தோட ஓட்டுற படகுன்னா 230, 240 வேணும். இல்லாட்டி ஒவ்வொரு தடவையும் முட்டி படகு விளிம்புல இடிக்கும்.

ரெண்டாவது, உங்க உடம்பும் பழக்கமும். துடுப்பைச் செங்குத்தா ஊன்றி வேகமா போறவங்களுக்குக் குட்டையான கம்பு, அகலமான பிளேடு. படுக்கைவாக்குல போட்டு நிதானமா ரொம்ப நேரம் போறவங்களுக்கு நீளமான கம்பு, ஒடுங்கின பிளேடு. பிளேடு பெருசா இருந்தா வேகம்னு வாங்கிட்டு, அரை மணி நேரத்துல தோள் வலிக்குதுன்னு உக்காந்துருவாங்க. எடையையும் பாருங்க. நிமிஷத்துக்கு 50 தடவை போட்டா மணிக்கு 3,000 தடவை. துடுப்பு 300 கிராம் கூடுதலா இருந்தா, ஒரு மணி நேரத்துல 900 கிலோ சும்மா தூக்கியிருக்கீங்க. கார்பன் துடுப்புக்கு ஏன் அவ்வளவு விலைன்னா இதுதான் காரணம். மாசத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் ஓட்டுறவங்களுக்கு அலுமினியக் கம்பு, பிளாஸ்டிக் பிளேடு தாராளம்.

மூணாவது, தண்ணி. காத்து அடிக்கிற கடல்னா ரெண்டு பிளேடும் ஒண்ணுக்கொண்ணு கோணத்துல திருப்பி வைக்கிற மாதிரி இருக்கட்டும். மேல இருக்கற பிளேடு காத்தை வெட்டிக்கிட்டு போகும். பாறை உள்ள ஆறுன்னா லேசானதை விட உறுதியானது முக்கியம். பரிசல்காரருக்குத் தெரிஞ்ச அதே பாடம்.

வாங்கறதுக்கு முன்னாடி வாடகைத் துடுப்பு ரெண்டு மூணு அளவுல போட்டுப் பாருங்க. எந்தத் துடுப்பா இருந்தாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாம இறங்காதீங்க. துடுப்பு தப்பா இருந்தா தோள்தான் வலிக்கும். ஜாக்கெட் இல்லாட்டி உயிரே போயிரும்.

மூணாவது கேள்வி

கடைசியா எங்க ஊர் விஷயம் ஒண்ணு. சென்னிமலை ஆத்தங்கரை ஊர் இல்லைன்னு சொன்னேன். ஆனா ஊருக்குத் தெற்கால கொஞ்ச தூரத்துல ஒரு ஆறு போகுது. நொய்யல். வெள்ளிங்கிரி மலையில பொறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியா வந்து, கொடுமுடிக்குப் பக்கத்துல காவிரியில சேருது.

மத்த ஆறுகள்ல அணை கட்டினப்ப என்ன ஆச்சுன்னு பாருங்க. 1934ல மேட்டூர், 1955ல பவானிசாகர். ரெண்டும் பெரிய ஏரி மாதிரி ஆச்சு. பரிசல் சாகலை. ஓடுற தண்ணியில ஆளைக் கரை சேத்த பரிசல், தேங்கின தண்ணியில மீன் வலை போடப் போச்சு. தண்ணி மாறுச்சு, துடுப்புக்கு வேலையும் மாறுச்சு.

நொய்யல்ல 1992ல ஒரத்துப்பாளையம் அணை கட்டினாங்க. சென்னிமலைக்குப் பக்கம்தான். விவசாயத்துக்குத் தண்ணி தேக்கக் கட்டினது. தேங்கினது திருப்பூர்ச் சாயக் கழிவு. கொஞ்ச வருஷத்துலயே அந்தத் தண்ணி பாய்ஞ்ச நிலமும் கிணறும் உப்பாச்சு. தண்ணிக்காகக் கட்டின அணையில தண்ணியத் தேக்காதீங்கன்னு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்துச்சு. 2011ல சென்னை உயர் நீதிமன்றம், கழிவை முழுசா சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. அதுக்கப்புறம் சுத்திகரிப்பு நடந்துச்சு, தொழிலும் திரும்ப வந்துச்சு. ஆனா எங்க பக்கத்து இளைஞர்கள்ல யாரும் "நொய்யல்ல படகு ஓட்டலாமா"ன்னு கேட்டு நான் பாத்தது இல்லை. அந்த எண்ணமே வராது. நம்ம போடற சட்டைக்கு நிறம் குடுத்த ஆறு அது.

தமிழ் அகராதியில 'ஓடம்'ங்கிற சொல்லுக்குப் படகுன்னு ஒரு அர்த்தம் இருக்கு. தறியில பாவுக்கு நடுவுல ஓடுற நாடான்னு இன்னொரு அர்த்தமும் இருக்கு. இங்கிலீஷ்ல தறிக்குப் பேர் லூம். துடுப்போட கைப்பிடிக் கம்புக்கும் பேர் லூம்தான். ரெண்டு மொழியிலயும் நெசவும் படகும் ஒரே பேரைப் பகிர்ந்துக்குது. எங்க ஆத்துல அந்த ரெண்டுல ஒண்ணு மட்டும்தான் மிச்சம்.

படகு அகலத்துக்குக் கடையில அட்டவணை இருக்கு. உடம்புக்குப் பாகமும் முழமும் இருக்கு. மூணாவது கேள்விக்குப் பதில் எந்தக் கடையிலயும் விக்கிறது இல்லை. அதனால அந்த நேயருக்கு நான் சொல்றது: துடுப்பு வாங்குங்க, 220 வாங்குங்க, கோவளத்துல நல்லா ஓட்டுங்க. ஊருக்கு வர்றப்ப உங்க ஊர் ஆத்தையும் ஒரு தடவை போய்ப் பாருங்க, இதுல துடுப்பு போட முடியுமான்னு.

உங்க பக்கம் துடுப்புக்கு வேற பேர் ஏதாச்சும் இருந்தா, பரிசலோ வள்ளமோ கட்டுமரமோ ஓட்டுனவங்க வீட்டுல இருந்தா, அவங்க சொன்ன சொல்லை எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அதை வெச்சே ஒரு எபிசோடு பண்ணலாம். அடுத்த வாரம் பாக்கலாமுங்க.